கிழக்குச் சுவர் வரிசை

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்கள் சபையின் போதகர் மனோவா ஐயர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். இன்று வரும் நாள். குடத்தை இடுப்பில் வைத்தபடியே அவர் சொன்னதைக் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த ஆண்டு இருநூறு வயது. அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட வேண்டுமாம். பாளையங்கோட்டையில் அதை எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம்.

“முப்பத்தி நாலு வருசம் சரித்திரம் நடத்துனவங்க நீங்க. பழைய தமிழ்லயும் இங்கிலீசுலயும் கல்லு கல்லா கெடக்கு. படிக்க ஆளில்ல டீச்சர்.”

முழங்கால் வலி என்றேன். நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். சரி என்று நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு பார்த்தால் மூன்று அடக்கப் பதிவேடுகளும், சபை மன்றத்தின் பழைய மினிட்ஸ் நோட்டு இரண்டும் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. தூசி தட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அதற்குள் அண்டா நிரம்பி வாசல்வரை தண்ணீர் ஓடிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

போனேன். வாகை மரத்தடியில் நிஜமாகவே நாற்காலி போட்டிருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து ஒரு செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கே குழி வெட்டுவது அவர்கள் குடும்பம்தான். அறுபது வயது இருக்கும். நடை இன்னும் வேகம்.

மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் கல் 1825. நான்கு மாதக் குழந்தை. காய்ச்சல். அதற்கு அடுத்தது அந்தக் குழந்தையின் தாய், எட்டு நாள் கழித்து. தகப்பன் இங்கே இல்லை. கப்பலேறிப் போயிருப்பான்.

“சாரைப் பாத்துட்டு வாரியளா டீச்சரம்மா? நேத்துதான் புல்லு செதுக்கிப் போட்டேன்” என்றார் இசக்கிமுத்து.

என் வீட்டுக்காரர் ஜெபரத்தினம் நடுப்பாதை ஓரத்தில் இருக்கிறார். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது.

“வெயில் ஏறிட்டு. இன்னொரு நாள் பாப்போம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

தாது வருஷப் பஞ்சத்துப் பக்கங்களை இன்று படித்தேன். பதிவேட்டில் பெயரே கிடையாது. ‘ஒரு ஸ்திரீ.’ ‘ஒரு கிழவன், தெற்கேயிருந்து வந்தவன்.’ ‘ஒரு சிறு பெண், கையில் செம்பு வளையம்.’ எழுதின உபதேசியாருக்குப் பெயர் தெரியவில்லை, ஆனாலும் வெறும் எண்ணை எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. அந்த வளையத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடலாம் என்று நினைக்கிறேன்.

1911-இல் இறந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கல்லில் ‘இளைப்பாருகிறாள்’ என்று வெட்டியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தப்பான ‘ரு’வுக்குக் கீழே ஒரு டீச்சர் படுத்திருக்கிறாள். எப்படித்தான் இளைப்பாறினாளோ.

நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஹெப்சி ஓசூரிலிருந்து பேசினாள். மாத்திரை போட்டீங்களா, தண்ணி வருதா, முழங்காலுக்குத் தைலம் இருக்கா. எட்டு நிமிஷம். என் வீட்டுக்காரரின் முதல் மனைவி ரூபவதியின் மகள் அவள். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஏழு வயது; ரூபவதி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நான் அவளுக்குச் சித்தி. அதில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணத்திலிருந்து பிரசவம் வரை எல்லாம் நான்தான் பார்த்தேன்.

அவர் அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் “அப்பா எங்கம்மா பக்கத்துலதான்” என்று சொன்னாள். பழைய தோட்டத்தில் புது அடக்கத்தை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. குடும்பத்தார் கல்லுக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தால் மட்டும் அனுமதிப்பார்கள். ரூபவதியின் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. ஒரே ஓர் ஆளுக்கு. எனக்கு வேளை வரும்போது பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுத் தோட்டம். அங்கே மரமே கிடையாது.

அவள் சொன்னது நியாயம்தான். நானும் தலையாட்டினேன்.

செப்டம்பர் 11, புதன்

மிக்ஸி ஓடவில்லை. அம்மியில் அரைத்தேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1992 நவம்பர் வெள்ளத்தில் தோட்டத்தின் கிழக்குச் சுவர் இடிந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அப்போது கோவில்பட்டியில் இருந்தோம். அவருக்கு மின்வாரியத்தில் அங்கே மாற்றல். இன்று அந்த வருஷத்து மினிட்ஸ் நோட்டைப் புரட்டினேன். ‘சுவரோர வரிசையில் விழுந்த பதினொரு கற்களையும், அவ்விடம் சேறும் புதருமாய் இருப்பதால், நடுப்பாதை ஓரம் ஞாபகார்த்தமாக நிறுத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது.’

கற்களைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கல்லறைகள் சுவரோரத்திலேயே இருந்துவிட்டன.

பதிவேட்டை எடுத்து 1985-ஐப் பார்த்தேன். ‘ரூபவதி, க/பெ ஜெபரத்தினம், வயது 27, மஞ்சள் காமாலை. கிழக்குச் சுவர் வரிசை, 9.’

அப்படியானால் நடுப்பாதை ஓரத்தில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்தில் நிற்கும் கல்லுக்கு அடியில் யாரும் இல்லை. வெறும் மண்.

பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பால் பாயசம் வைத்தேன். சர்க்கரை இருக்கிறவள் எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை. பால் மிஞ்சியிருந்தது. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். “என்ன விசேஷம் டீச்சர்?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 14, சனி

அவரைப் பார்க்கப் போனேன். நாற்பதாம் நாளுக்குப் பிறகு இன்றுதான்.

இசக்கிமுத்து இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். சும்மா நின்றேன். மிக்ஸி ஓடவில்லை, மெக்கானிக் வரவில்லை என்றெல்லாம் சொன்னேன். பிறகு ரூபவதி கல்லின் முன்னால் இருக்கும் இடத்தை அடி வைத்து அளந்தேன். என் காலுக்குப் பத்து அடி. அகலம் தாராளம். மேலே வாகையின் நிழலும் விழுகிறது.

புத்தகத்துக்காகத்தான் அளந்தேன். வரைபடம் போட வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மனோவா ஐயர் வந்தார். மழை தொடங்குவதற்கு முன்னால் கிழக்குச் சுவரை ஒட்டிப் பெரிய வடிகால் வரப்போகிறது; பத்தடி அகலத்துக்கு இடம் விட வேண்டுமாம். சபை மன்றமும் சம்மதித்துவிட்டது. வருஷா வருஷம் இரண்டு தெருவுக்குள் தண்ணீர் புகுகிறது, மறுக்க முடியாது.

“அந்தப் பக்கம் அடக்கம் ஏதாவது இருக்கா டீச்சர்? கல்லு ஒண்ணையும் காணோம். இருந்தா குடும்பத்தாருக்குச் சொல்லி, முறையா அனுமதி வாங்கி, எடுத்து வேற இடத்துல வச்சிரலாம். பதிவேட்டைப் பாத்து ஒரு பட்டியல் போட்டுத் தாங்க.”

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

பட்டியலைக் கொடுத்தேன். பத்துப் பெயர். ஐயர் மிகவும் நன்றி சொன்னார்.

பதிவேட்டில் ஓரிடத்தில் எழுத்து தெளிவாக இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

தலைவலி. தோட்டத்துக்குப் போகவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வெளியே நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் ஹெப்சி கூப்பிட்டாள்.

“கல்லறைத் திருநாளுக்கு இந்தத் தடவ வர முடியாது சித்தி, ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேத்து மாலை வாங்கி வச்சிருங்க. ரெண்டு கல்லுக்கும் ஒரே மாலையா பெருசா போட்டா நல்லா இருக்கும். அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்கன்னு நெனச்சாலே எனக்கு ஒரு நிம்மதி.”

சரிம்மா என்றேன்.

“புத்தகம் எப்படிப் போகுது? எதுவும் புதுசா கண்டுபிடிச்சீங்களா?”

பஞ்சத்தைப் பற்றிச் சொன்னேன். செம்பு வளையம் போட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னேன். “பேர் தெரியலன்னாலும் எங்க இருக்கான்னாவது தெரியுதே” என்றாள்.

மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தோட்டத்துக்குப் போனேன். இசக்கிமுத்து கிழக்குப் பக்கத்துப் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியை அங்கே கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து போட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

“ஐயரு பட்டியலைக் காட்டுனாக டீச்சரம்மா. பத்துன்னு இருக்கு. பதினொண்ணுல்லா.”

நான் அவரைப் பார்க்கவில்லை. “உமக்கு எப்படித் தெரியும்?”

“கல்லைப் பிடுங்கி நட்டது எங்கய்யாவும் நானும்தான. ஒம்பதாவது சாரோட மொத சம்சாரம். வெள்ளம் வடிஞ்ச பொறவு சாரு கோவில்பட்டியில இருந்து வந்து பாத்தாக. கல்லைத் திரும்ப இங்கனயே நட்டிரட்டுமா சார்னு எங்கய்யா கேட்டாரு. வேண்டாம், முள்ளும் சேறுமா கெடக்கு, பிள்ள சின்னப்பிள்ள, நின்னு ஜெபம் பண்ண அங்கனதான் சுத்தமா இருக்கு, அங்கனயே இருக்கட்டும்னுட்டாக.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? வெள்ளத்துக்கு முந்தி பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்ததே இல்ல; பொறவுதான் வருசா வருசம் கல்லறத் திருநாளுக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வந்து கல்லுக்கு மாலை போடுவாக. பொறவு பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டுத் தனியா இங்க வந்து கொஞ்ச நேரம் நிப்பாக. வேட்டி பூரா நாயுருவி ஒட்டியிருக்கும்.”

அந்த நாயுருவியை நான் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், முற்றத்தில் உட்கார்ந்து, வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாக. எங்கே போய் இதை ஒட்டிக்கிட்டு வாரீங்க என்று திட்டியபடியே.

“அடக்கத்தன்னைக்கு ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“அழுதுகிட்டு நிக்கித பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்ல? உங்க மொகத்தையும் பாத்தேன். ரெண்டு பேருகிட்டயும் சொல்லத் தோணல.”

செப்டம்பர் 25, புதன்

முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? கூடவே வந்து முள்ளை வெட்டிக் கொடுத்திருப்பேன்.

இப்படி எழுதிவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். வெட்டிக் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமான புதிதில், ரூபவதியின் பெயர் போட்ட எவர்சில்வர் தூக்குவாளியைப் பரண்மேல் ஏற்றியது நான்தான். அவர் அதைக் கீழே இறக்கச் சொல்லவே இல்லை.

இருபத்தேழு வயது. என் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கே இப்போது அதைவிட அதிக வயது.

செப்டம்பர் 28, சனி

காலையில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் எண்ணைக் காட்டினேன். அவர் பட்டியலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பழைய கையெழுத்து டீச்சர். யாருக்கும் தவறத்தான் செய்யும்.”

“அச்சடிச்ச மாதிரி இருக்கு ஐயா. தெரிஞ்சுதான் விட்டேன்.”

ஐயரம்மா காபி கொண்டுவந்தாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெப்சிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை நான் கூப்பிட்டதே இல்லை என்பதால், “என்ன ஆச்சு சித்தி?” என்று பதறினாள். சுவர், கல், வடிகால், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா எதற்காகக் கல்லை அங்கேயே விட்டார் என்பதையும், இசக்கிமுத்து சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னேன்.

பிறகு, “அப்ப நான் இத்தன வருசமா வெறுங்கல்லுகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?” என்று கேட்டாள்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஹெப்சி கூப்பிடவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பரணில் ஏறினேன். முழங்காலோடு செய்யக்கூடாத வேலை. தூக்குவாளி இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். ‘ரூபவதி 1979’ என்று பளிச்சென்று தெரிகிறது.

அக்டோபர் 2, புதன்

ஹெப்சி பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எப்ப கண்டுபிடிச்சீங்க?”

போன் செய்த அன்றுதான் என்று சொல்லலாம். போன வாரம் என்று சொல்லலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

“பன்னெண்டாம் தேதி” என்றேன்.

“எங்கிட்ட இருபத்தெட்டாம் தேதிதான் சொன்னீங்க.”

“ஆமா.”

“ஏன் சித்தி?”

“அவர் பக்கத்துல இடம் காலியா இருக்குன்னு தெரிஞ்சது. எனக்கு ஆசை வந்துட்டு.”

வாய்விட்டு இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். “ஆயுத பூஜை லீவுக்கு வாரேன். அம்மாவ அப்பாகிட்ட மாத்தணும்” என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அவர் கல்லறைக்கு உரிமைக்காரி நான். போடுகிறேன் என்றேன்.

அக்டோபர் 4, வெள்ளி

போட்டேன். அனுமதி வந்துவிடும் என்றார் ஐயர்.

அக்டோபர் 11, வெள்ளி

ஹெப்சி காலை ரயிலில் வந்தாள். கூட யாரையும் கூட்டி வரவில்லை. எனக்கு முழங்காலுக்குப் போடும் பட்டை வாங்கி வந்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சி வைத்தேன். குடித்தாள். தூக்குவாளியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். “சரி, விடுங்க” என்றாள்.



அக்டோபர் 12, சனி

காலை ஆறரைக்கு ஐயர் ஜெபம் செய்தார். இசக்கிமுத்துவின் மண்வெட்டியில் நேற்றைய பூஜைச் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. முதல் வெட்டு வெட்டும்போது அவரும் கண்ணை மூடி என்னவோ சொல்லிக்கொண்டார்.

மூன்றடி போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். ஹெப்சிக்கு நிற்க முடியவில்லை. “என்னால பாக்க முடியல சித்தி” என்று என் கையைப் பிடித்தாள். ஐயரம்மாவோடு வாசலுக்கு அனுப்பினேன்.

“வீட்டாளு ஒருத்தர் வாங்கணும் டீச்சரம்மா” என்றார் இசக்கிமுத்து. ஐயர் முன்னால் வந்தார். நான் அவரை நிறுத்திவிட்டு, மண்மேல் உட்கார்ந்து வேட்டித் துணியை மடியில் விரித்தேன்.

இசக்கிமுத்து எடுத்து எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கினேன். மண்ணை ஒரு துணியால் துடைத்து மடியில் வைத்தேன். அதிகம் ஒன்றும் இல்லை. கனமே இல்லை. ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு இருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பிறந்த குழந்தையை முதன்முதலாக வாங்கும்போது கை பதறுமே, அப்படித்தான் இருந்தது. ஹெப்சியின் மகனை அப்படித்தான் வாங்கினேன்.

முப்பத்தேழு வருஷமாக ரூபவதியின் வீட்டில் இருக்கிறேன். இன்றுதான் நேரில் பார்த்தோம். “உன் பிள்ளையை நல்லாத்தான் வளத்திருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னேன். இசக்கிமுத்து காதில் விழுந்திருக்கும். அவர் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். அதை ஹெப்சியிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுத வேண்டும். அவளுக்கு முந்தி எனக்குத் தெரிந்தவை போதும்.

தேக்குப் பெட்டி இரண்டடிதான். நடுப்பாதை ஓரத்தில், அவளுடைய கல்லுக்கு நேர் கீழே, அவருடைய தலைமாட்டுப் பக்கமாக வைத்தோம். ஹெப்சி வந்து முதல் பிடி மண் போட்டாள். இரண்டாவது பிடி நான்.

இசக்கிமுத்து மண்ணை மிதித்துச் சமன் செய்துகொண்டே, “பெட்டி சின்னதுதான. இதுக்குக் கால்மாட்டுல ஆறடி அப்படியே கெடக்கு” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

ஹெப்சி ஐயரைத் திரும்பிப் பார்த்தாள். “அந்த இடத்தைப் பதிவேட்டுல எழுதி வைக்கலாமா ஐயா?”

“எழுதி வச்சா நல்லதுதாம்மா. பின்னால குழப்பம் வராது.”

“அப்ப குணசீலின்னு எழுதுங்க. சித்தி பேரு.”

இரண்டு கையிலும் மண். கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. ஹெப்சிதான் அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. மொதல்ல புஸ்தகத்த முடிங்க” என்றார் இசக்கிமுத்து.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை ஆராதனைக்கு இரண்டு பேரும் போய்வந்தோம். அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

ஹெப்சிக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். சிரிக்கும்போது இன்னும் கையால் மறைத்துக்கொள்வாள். அந்தப் பழக்கத்துக்கு நான்தான் காரணம். பன்னிரண்டு வயதில் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய், எடுத்துவிட்டுக் கம்பி கட்ட நாள்கூடக் குறித்துவிட்டேன். அவள் அப்பா ஒரே பிடியாக மறுத்தார். ‘அந்தப் பல்லத் தொடக்கூடாது’ என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. பெண்பிள்ளையின் முகத்தில் அக்கறை இல்லாத மனுஷன் என்று ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

வீட்டில் ரூபவதிக்கு இருக்கும் படம் ஒன்றே ஒன்று. கல்யாணப் படம். வாயை இறுக மூடிக்கொண்டிருப்பாள்.

“உங்கம்மாவுக்கும் தெத்துப்பல்லு ஹெப்சி. நேத்து பாத்தேன்.”

மடித்த சேலை கையில் இருக்க, அப்படியே நின்றாள். “எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். உனக்கு இருக்கிற அதே இடம். அதே சாய்வு.”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு தடவை சொல்லி அழுதிருக்கிறாள். அப்பா ஏன் பல்லைத் தொடவிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் சேலைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடியிலிருந்து திரும்பி, கண்ணீரோடு, கையை வாய்க்குக் கொண்டுபோகாமல், முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

“இப்படியா சித்தி இருந்திருப்பாங்க?”

“இப்படித்தான்” என்றேன்.